தைல துரை சொன்னதும் தாவீது சொன்னதும்

தாவீதுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஆஸ்பத்திரி இங்கிலீஷ். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் வார்டு பாயாக இருந்தவர். வெள்ளைக்கார டாக்டர் கேட்பதை நோயாளிக்குத் தமிழில் சொல்வார். நோயாளி முனகுவதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொல்வார். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, நாக்கை நீட்டு, மூச்சை இழுத்துப் பிடி, பயப்படாதே, போகலாம். இந்த வட்டத்துக்குள் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் ஒரே இருட்டு.

டாக்டர் தன் ஊருக்குத் திரும்பிப் போனதும் அந்த வேலையும் போயிற்று. தாவீது சொந்த ஊரான ஓரிக்கைக் காலனிக்கு வந்து சேர்ந்தார். மனைவி மணியம்மாள் காஞ்சிபுரத்தில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தாள். இவர் கிடைத்த வேலைக்குப் போனார். அப்படி இருக்கும்போதுதான், அறுபத்தொன்பதில், கிணறெல்லாம் வற்றிக் கிடந்த சமயம், ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் உதவிச் சங்கம் பூமியைத் துளைத்துக் கிணறு போடுகிற இரண்டு போர் மிஷின்களை அனுப்பியது. ஒன்று அரக்கோணம் போயிற்று. மற்றது ஓரிக்கையில் பாலாற்றங்கரைக்கு வந்து கேம்ப் போட்டது. மிஷினோடு வந்தவர் பெயர் டாயில். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த கழுத்து.

வந்த மூன்றாம் நாளே டாயிலுக்கு வயிற்றுப்போக்கு. துபாஷி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு தாவீது போய் நின்றபோது அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். தாவீது பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை, என்ன நிறம், வலி மேலேயா கீழேயா என்று தங்குதடையில்லாமல் இங்கிலீஷில் கேட்டார். இந்த ஊரில் தன் பாஷையைச் சுத்தமாகப் பேசுகிற மனிதன் ஒருவன் கிடைத்தானே என்று டாயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

குணமாகி எழுந்து அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் தாவீதுக்கு ஆபத்து புரிந்தது. அந்த மனிதர் வாயைத் திறக்காமல் மூக்கால் பேசுபவர். பத்து வார்த்தை ஒரு வார்த்தையாக ஒட்டிக்கொண்டு வரும். கேம்ப் வேலையைக் கையைக் காட்டிச் சமாளித்துவிடலாம். பைப்பைத் தூக்கு, டீசலை ஊற்று என்பதற்குப் பாஷை எதற்கு? சங்கடம் வந்தது பந்தால்.

டாயில் பெட்டியிலிருந்து ஒரு பந்தை எடுத்தார். உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பிய தோல் பந்து. அவர் ஊரில் அதுதான் பெரிய ஆட்டமாம். அவரே ஒரு டவுன் டீமில் ஆடியவராம். பக்கத்துக்குப் பதினெட்டு பேர். இரண்டு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்குள் பந்தை உதைத்தால் ஆறு. ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் ஒன்று. பந்தைக் கையில் பிடிக்கலாம், எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கையால் குத்தித்தான் அடுத்தவனுக்குத் தர வேண்டும். உதைத்து வருகிற பந்தைத் தரையில் விழாமல் பிடித்துவிட்டால் யாரும் கிட்டே வர முடியாது. நிதானமாக நின்று உதைக்கலாம். ஆடி மாதம் அரக்கோணம் கேம்ப்போடு ஒரு மேட்ச் என்று அங்கிருக்கிற இன்னொரு ஆஸ்திரேலியரிடம் சவால் விட்டுவிட்டு வந்திருந்தார் டாயில்.

கேம்ப் ஆட்களோடு ஊர்ப் பிள்ளைகளும் நெசவாளிகளும் சேர்ந்து இருபத்திரண்டு பேர் தேறினார்கள். ஓரிக்கைப் பெரிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை பரசுராமன், பியூசி வரை படித்தவன், எல்லாரையும்விட நெட்டை. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்த தணிகாசலம் வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவாளி. வேலையில்லாத நாளில் கேம்ப்புக்குக் கூலிக்கு வருவான். கால் சுமார், வாய் அபாரம்.

ஆடுவதற்கு முன்பு எல்லார் காலிலும் டாயில் யூகலிப்டஸ் தைலத்தைத் தேய்த்துவிடுவார். டாயிலோ தைலமோ, ஊருக்கு அவர் தைல துரை ஆகிவிட்டார். பயிற்சி முடிந்து பஸ் ஏறினால் யாருக்குப்பா ஜலதோஷம் என்று கண்டக்டர் கேட்பார்.

ஏரி உள்வாயில், காய்ந்து வெடித்த தரையில், முதல் நாள் துரை நாலு நிமிஷம் பேசினார். தாவீதுக்குப் பிடிபட்டது பந்து, ஓடு, பரசுராமன் என்ற மூன்றுதான். எல்லாரும் தாவீதின் வாயைப் பார்த்தார்கள். பந்தை எடுத்துக்கொண்டு எல்லாரும் பரசுராமனிடம் ஓடச் சொல்கிறார் என்று அவர் அடித்துவிட்டார். துரை சொன்னது நேர் எதிர். பரசுராமனைக் கம்பத்துக்கு முன்னால் தனியாக விடுங்கள், அவனைச் சுற்றி இடம் இருக்கட்டும், தூரத்திலிருந்து அவனுக்கு உதையுங்கள் என்பதுதான் அவர் திட்டம். பிரசாதம் கொடுக்கிற இடம் மாதிரி பதினேழு பேர் பரசுராமனை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து ஏரியின் மறுகோடியில் அனாதையாகக் கிடந்தது. துரை தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அதற்கும் அர்த்தம் கேட்டார்கள். துரைக்கு வேர்க்கிறது என்றார் தாவீது.

அன்று வீட்டுக்குப் போனவர் கஞ்சி குடிக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். நாலு நிமிஷப் பேச்சுக்கு மூன்று வார்த்தை போதாது என்ற அவமானம் இன்னொரு பக்கம். துரை பேசுவது புரியப் போவதில்லை. ஆட்டம் புரிந்தால் என்ன பேசியிருப்பார் என்று ஊகித்துவிடலாமே என்று தோன்றியது. பதினெட்டுப் புளியங்கொட்டையையும் பதினெட்டு வேப்பங்கொட்டையையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இப்படி ஒரு வாரம் போயிற்று. கூட்டமாகப் போனால் எதிரிக்கு இடம் விட்டுப்போகிறது என்பது தெரிந்தது. வெறுங்காலால் அந்தக் கோணல் பந்தைத் தூரமாக உதைத்தால் அது இஷ்டத்துக்குப் போகிறது என்பதும் தெரிந்தது. உதைக்காமல் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பிடிபடவில்லை. இது என்ன விளையாட்டு என்று மணியம்மாள் கேட்டாள். தாவீது கொட்டைகளை நகர்த்திக் காட்டினார். அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கான்கிரீட் போடற அன்னிக்கு நாங்க இன்னா பண்றோம்? சட்டிய தூக்கிக்கினு யாராவது மாடிக்கு ஓடுவாங்களா? அவங்கவங்க எடத்துல நின்னுக்கினு கைக்குக் கை மாத்துறதுதான். சட்டிதான் போவும், ஆளு போவாது."

அன்று தாவீது வயிறாரக் கஞ்சி குடித்தார்.

மறுநாள் துரை வழக்கம்போல் பேசினார். தாவீது கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, திரும்பி நின்று, துரை சொல்றாரு என்று தொடங்கினார். நெசவாளிகளுக்குப் புரிய, அவனவன் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார். கட்டட வேலை தெரிந்தவர்களுக்குச் சட்டி மாற்றும் கதையைச் சொன்னார். அருகில் இருப்பவனுக்குக் குத்திக் கொடு, அவன் அடுத்தவனுக்குக் கொடுக்கட்டும், கம்பம் கிட்ட வந்த பிறகு உதைத்தால் போதும். பந்து கை மாறிக் கை மாறி ஏரியைக் கடந்து பரசுராமனிடம் போய்ச் சேர்ந்தபோது துரை பிரமித்து நின்றார். தூர உதை ஒன்றுகூட இல்லை. தான் சொன்னது அதுவல்ல என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒருவேளை தான் சொன்னதை இந்த மண்ணுக்கு ஏற்றபடி பையன்கள் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்றே தன் பழைய கிளப்புக்குக் கடிதம் எழுதினார், தன் பயிற்சி இந்தியாவில் எப்படி வேலை செய்கிறது என்று.

தாவீது ஏன் இதெல்லாம் தன் யோசனை என்று சொல்லவில்லை என்றால், சொல்லியிருந்தால் யார் கேட்பார்கள்? பரசுராமன் வீட்டு வயலில் தாவீதின் அப்பா வரப்பு வெட்டியவர். பதினைந்து வயது இளையவனான பரசுராமன் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். "இன்னா தாவீது, துரை இன்னான்றான்?" என்பான். துரை சொல்றாரு என்ற இரண்டு வார்த்தையை முன்னால் வைத்தால் அதே பரசுராமன், ஓரத்தில் போய் நில் என்றால் நின்றான். அதை வைக்காமல் ஒரு நாள், தண்ணீர் குடித்துவிட்டு ஓடலாமே என்று தாவீது சொன்னதற்கு ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் துரை தலையில் கட்டிவிடுவது அவருக்குப் பழகிப்போயிற்று. சில நாள் துரை இரண்டே வார்த்தை சொல்வார். தாவீது கால் மணி நேரம் மொழிபெயர்ப்பார். இங்கிலீஷ் எவ்வளவு கெட்டியான பாஷை பார் என்று தணிகாசலம் வியந்தான்.

மேட்சுக்குப் பத்து நாள் முன்பு துரைக்கு மஞ்சள்காமாலை வந்தது. கண் மஞ்சள், நகம் மஞ்சள். படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தது மணியம்மாள். மேட்ச் அன்று அவர் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போங்கள் என்று அடம் பிடித்தார். ஜீப் குலுக்கும் என்று மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே குடை கட்டி, ஏரி ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெருமாள் புறப்பாடு மாதிரி இருக்கிறது என்று சின்ன காஞ்சிபுரத்து ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

அன்று ஆடிக் காற்று மேற்கிலிருந்து பேய்க் காற்றாக அடித்தது. ஆட்டம் நாலு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் பக்கம் மாற வேண்டும். டாஸில் தோற்றதால் முதல் பகுதியில் காற்று அரக்கோணத்துக்குச் சாதகம். அவர்களிடம் சிட்டிபாபு என்று ஒருவன் இருந்தான். ஆந்திராவில் புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு நெசவுக் குடும்பம். பனைமரம் மாதிரி வளர்ந்தவன். ஆகாயத்தில் எந்தப் பந்து பறந்தாலும் அது அவன் கையில்தான் இறங்கிற்று. ஆறு, ஆறு என்று ஏறிக்கொண்டே போனார்கள்.

முதல் இடைவேளையில் பையன்கள் வந்து தாவீதைச் சுற்றி நின்றார்கள். வண்டியில் துரை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தாவீதுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கே ஓட்டை, எவனை மாற்ற வேண்டும், காற்றை என்ன செய்வது என்று நெஞ்சு நிறைய இருந்தது. வாயைத் திறந்தார். துரை சொல்றாரு என்று தொடங்க முடியவில்லை. துரை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வேறு எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. துரை தூங்குறாரு என்று மட்டும் சொன்னார். பையன்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் பகுதியில் காற்று இவர்கள் பக்கம் இருந்தும், சிட்டிபாபு பின்னால் வந்து நின்றுகொண்டு பாதிப் பந்தைப் பறித்துவிட்டான்.

பெரிய இடைவேளை வந்தபோது அரக்கோணம் முப்பத்தெட்டு, ஓரிக்கை இருபத்தேழு. தாவீது நேரே வண்டிக்குப் போனார். துரை விழித்திருந்தார். முகம் எலுமிச்சம்பழமாக இருந்தது. தாவீது குனிந்து காதை அவர் வாயருகே வைத்தார். பையன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நின்றார்கள். துரை மிகுந்த சிரமத்தோடு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

பக்கெட் என்றார்.

தாவீது நிமிர்ந்தார். துரை சொல்றாரு என்றார். அப்புறம் அவர் நிற்கவில்லை.

அடுத்த பகுதியில் காற்று நமக்கு எதிரில் வரும். ஒருவனும் காலைத் தூக்கக் கூடாது. சட்டி மாற்றுகிற மாதிரி கையிலேயே கொண்டுபோக வேண்டும். நெருக்கினால் பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோய் உருண்டு வெளியே போக விட வேண்டும். நடுவர் எடுத்து எறிகிற வரைக்கும் மூச்சு வாங்கலாம். ஜெயிக்க வேண்டாம், அதிகம் தோற்காமல் இருந்தால் போதும். கடைசிப் பகுதியில் காற்று நம்முடையது. அப்போது எங்கிருந்து வேண்டுமானாலும் உதை. ஆறுக்கு ஏங்காதே. ஓரத்தில் போனால் ஒன்று, அதுவும் கணக்குத்தான். பிறகு தணிகாசலத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உனக்குப் பந்து வேணாம்பா. நீ பந்தைப் பார்க்கவே பார்க்காதே. அந்த சிட்டிபாபு பக்கத்துல ஒட்டிக்கினு இரு. அவன் எங்க போனாலும் நீ போ. தெலுங்குல பேசிக்கினே இரு."

எதைப் பற்றிப் பேசுவது என்று தணிகாசலம் கேட்டான். உனக்கு எது இஷ்டமோ அது என்று துரை சொல்வதாகத் தாவீது சொன்னார்.

துரை சொன்ன வார்த்தையைப் பரசுராமனும் கேட்டிருந்தான். அவன்தான் வண்டிக்கு மிகவும் கிட்டத்தில் நின்றவன். அந்த மூக்குப் பேச்சில் அவனுக்கு இதுவரை ஒன்றும் புரிந்ததில்லை. ஆனால் பக்கெட் என்பதற்குப் பியூசி தேவையில்லை. அவன் தாவீதை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சத்தம் போடாமல் நடந்துபோய், டீசல் டிரம் பக்கத்தில் கிடந்த பக்கெட்டை எடுத்துவந்து துரை தலைமாட்டில் வைத்தான். சரியான நேரம், துரை அதில் வாந்தி எடுத்தார். பரசுராமன் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் தாவீது, நெற்றியில் நரம்பு புடைக்க, கையை ஆட்டி ஆட்டித் துரை சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பரசுராமன் துரையைப் படுக்க வைத்துவிட்டு வந்து, கும்பலில் நின்று, கடைசிவரை கேட்டான்.

"நீ எங்க நிக்கணும்னு துரை சொல்லலையே" என்று யாரோ அவனைக் கேட்டார்கள்.

பரசுராமன் தாவீதின் பக்கம் திரும்பினான். "நான் எங்க நிக்கட்டும், தாவீதண்ணா?"

தாவீது கையை நீட்டி இடத்தைக் காட்டினார். கம்பத்துக்கு முன்னால் வேண்டாம், நடுவில் வா என்றார். இந்த முறை துரையைச் சேர்க்க மறந்துவிட்டார். பரசுராமன் நடுவில் போய் நின்றான்.

மூன்றாம் பகுதி பார்க்கச் சகிக்காத ஆட்டம். பந்து ஓரத்திலேயே ஊர்ந்தது, வெளியே உருண்டது, மறுபடி வந்தது. அரக்கோணத்து ஆஸ்திரேலியர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். காற்று அவர்கள் பக்கம் இருந்தும் மூன்று ஆறுக்கு மேல் போட முடியவில்லை. ஏனென்றால் சிட்டிபாபுவைக் காணோம். உடம்பு மைதானத்தில்தான் இருந்தது. தணிகாசலம் முதலில் உங்கள் ஊரில் தறியில் குறுக்கே ஓடுகிற ஊடைக்கு என்ன நூல் என்று ஆரம்பித்து, கோத்திரத்துக்கு வந்து, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டு, ஆகவில்லை என்று தெரிந்ததும் தன் தங்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். பந்து தலைக்கு மேல் பறந்துபோனது. பெண்ணுக்குப் புடவையில் ஜரிகைப் புட்டா போட வருமா என்று சிட்டிபாபு விசாரித்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பகுதி தொடங்கும்போது இருபத்து மூன்று பின்தங்கியிருந்தார்கள். காற்று முதுகில். இங்கிருந்து அங்கிருந்து என்று பார்க்காமல் உதைத்தார்கள். ஒன்று, ஒன்று, ஆறு, ஒன்று. ஒவ்வொரு ஒன்றுக்கும் அரக்கோணத்துக்காரர்கள் சிரித்தார்கள். முடிவில் அவர்களுக்குப் பத்து ஆறு, மூன்று ஒன்று. இவர்களுக்கு ஒன்பது ஆறு, பதினொரு ஒன்று. அதிக ஆறு போட்டது நாங்கள்தான் என்று அவர்கள் ஆடினார்கள். அவர்களுடைய ஆஸ்திரேலியரே தரையில் குச்சியால் எழுதிக் கூட்டிக் காட்டினார். அறுபத்து மூன்று, அறுபத்தைந்து. குச்சியை ஒடித்துப் போட்டுவிட்டு வந்து தாவீதின் கையைக் குலுக்கினார்.

ஜெயித்த சத்தத்தில் தைல துரை எழுந்து உட்கார்ந்து, யார் ஜெயித்தது என்று கேட்டார்.

தணிகாசலத்தின் தங்கைக்கும் சிட்டிபாபுவுக்கும் தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தலில் பாதிப்பேர் மேல் தைல வாசனை.

துரை தேறி நடமாட ஆரம்பித்த பிறகு, தான் இடைவேளையில் என்ன சொன்னோம் என்று நினைவுபடுத்தச் சொல்லித் தாவீதைக் கேட்டார். கிளப்புக்கு விவரமாக எழுத வேண்டுமாம். தாவீதுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உண்மையைச் சொன்னார்: பேஷண்ட் ஒன்றும் பேசவில்லை, வார்டு பாய்தான் பேசினான். எத்தனை நாளாக என்று துரை கேட்டார். முதல் நாளிலிருந்து என்றார் தாவீது. துரை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கோபம் ஏமாற்றியதற்கு அல்ல. ஊருக்கு ஏற்கெனவே நான்கு கடிதம் போய்விட்டது. மூன்றாம் நாள் பயிற்சியில் பையன்கள் கூடி நின்றபோது துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு தாவீதிடம் மெதுவாக, வார்த்தை வார்த்தையாக, அவருக்குப் புரியும்படி சொன்னார்: முதலில் நீ பேசு, பிறகு நான் என்ன சொன்னேன் என்று எனக்குச் சொல்.

அதன்பின் இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. தாவீது தமிழில் பேசுவார். துரை கண்ணை மூடித் தலையாட்டுவார்.

எழுபத்திரண்டில் கேம்ப்பைக் கலைத்தார்கள். துரை போனார். தாவீதுக்குப் பஞ்சாயத்து யூனியனில் கைப்பம்பு ரிப்பேர் வேலை கிடைத்தது. அதற்கு மறுவருஷம் ஓரிக்கைப் பிள்ளைகள் திருமுக்கூடலில் ஒரு சடுகுடுப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். பரசுராமன் காலனிக்கு வந்து, வாசலில் நின்று, தாவீதண்ணாதான் டீமைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். மணியம்மாள் அவனை உள்ளே உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். அவன் உட்கார்ந்து குடித்தான்.

சடுகுடு தாவீதுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஆட்டம். பெரிய திட்டம் போட்டார். பாடி வருகிறவனை மூலைக்கு இழுத்து, சங்கிலியாகக் கை கோத்து மடக்குவது. அன்று எதிர்க்கட்சியில் பாடி வந்தவன் பனை ஏறும் தொழில் செய்கிறவன். சங்கிலியைச் சுலபமாகத் தாண்டிக் குதித்து, நாலு பேரைத் தொட்டுவிட்டுப் போனான். மறுபடி வந்தான், மறுபடி தாண்டினான். ஓரிக்கை மண்ணைக் கவ்வியது.

மூன்று நதிகள் கூடுகிற இடத்து மணலில் பையன்கள் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இது யார் திட்டம் என்று ஒருவன் முணுமுணுத்தான்.

"என்னுதுதான்பா" என்றார் தாவீது. "அவன் எகிறுவான்னு நான் பார்க்கல."

பரசுராமன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சங்கிலியை இன்னும் உயரமாகப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான். குனிந்து போயிருப்பான் என்றார் தாவீது. அதெப்படி என்று இன்னொருவன் திரும்பினான். எழுந்து நின்று காட்டச் சொன்னார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐம்பதை நெருங்குகிற தாவீது அந்த மணலில் குனிந்தும் எகிறியும் காட்டிக்கொண்டிருந்ததில் ஓரிக்கைப் பக்கம் போகிற கடைசி பஸ்ஸை எல்லாருமாகத் தவறவிட்டார்கள்.